கோலெம்

கோலெம் என்பது யூதத் தொன்மங்களில் இடம்பெறும், களிமண்ணால் செய்யப்பட்டு எழுத்துக்களின் ஆற்றலால் உயிரூட்டப்பட்ட மனித உருவம் ஆகும். இது இட்ட ஏவலைச் செய்யும், ஆனால் பேசாது. கோலெம் கதைகளுள் மிகவும் புகழ் பெற்றது செக் நாட்டின் தலைநகரான பிராகாவுடன் தொடர்புடைய கதையாகும். இருபதாம் நூற்றாண்டு முதல் கணினி, ரோபோ, செயற்கை அறிவு ஆகியவை பற்றிய உரையாடல்களில் இத்தொன்மம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.

சொற்பொருள்

எபிரேய விவிலியத்தில் இச்சொல்லின் ஒரு வடிவம் ஒரே ஒரு முறை, 139ஆம் திருப்பாடலில், காணப்படுகிறது. அங்கு அது இன்னும் முழுமையாக உருப்பெறாத உடலைக் குறிக்கிறது. பிற்கால யூத நூல்களில் அறிஞனுக்கு எதிர்ச்சொல்லாக, பண்படாதவன் என்ற பொருளிலும் வழங்கியது. இத்திய மொழியில் மந்த புத்தியுள்ளவனைக் குறிக்க இன்றும் பயன்படுகிறது.

தொடக்கக் குறிப்புகள்

பாபிலோனியத் தல்மூதின் சன்கெதரின் பகுதியில் இராவா என்னும் அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து, இராபி செய்ராவிடம் அனுப்பிய செய்தி உள்ளது. செய்ரா அவனிடம் பேசினார். அவன் மறுமொழி கூறவில்லை. அவன் படைக்கப்பட்டவன் என்பதை உணர்ந்த செய்ரா, மண்ணுக்கே திரும்பும்படி கட்டளையிட்டார். ஒரு பொருள் மனிதனா அல்லவா என்பதை உரையாடலைக் கொண்டு முடிவு செய்யும் முறை இங்கேயே வந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

'செபர் யெட்சிரா' என்னும் பழைய நூல், எபிரேய மொழியின் 22 எழுத்துக்களைச் சேர்த்தும் மாற்றியும் இறைவன் உலகைப் படைத்ததாகக் கூறுகிறது. இடைக்கால உரையாசிரியர்கள் சிலர், குறிப்பாக செருமனியின் வோர்ம்சு நகரைச் சேர்ந்த எலெயாசர், இம்முறையில் கோலெம் செய்வதற்கான வழிமுறைகளை எழுதி வைத்தனர். எழுத்துக்களைத் தவறில்லாத வரிசையில் அடுக்கினால் ஒரு பொருள் இயங்கும். ஓர் எழுத்து பிழைத்தால் எல்லாம் பாழாகும் என்னும் கருத்து, கணினி நிரல் எழுதுவோருக்குப் புதிதாகத் தோன்றாது.

வளர்ந்துகொண்டே போகும் கோலெம்

1808ஆம் ஆண்டில் செருமானிய மொழியியலாளர் யாக்கோபு கிரிம், போலந்து யூதரிடையே வழங்கிய ஒரு கதையை வெளியிட்டார். அதன்படி, கோலெமின் நெற்றியில் 'எமெத்' என்னும் சொல் எழுதப்படும். இதன் பொருள் உண்மை. கோலெம் வீட்டு வேலைகளைச் செய்யும். வீட்டை விட்டு வெளியே செல்லக்கூடாது. ஆனால் அது நாள்தோறும் சிறிது சிறிதாக வளரும். அச்சம் தரும் அளவுக்கு வளர்ந்தவுடன், நெற்றியில் உள்ள முதல் எழுத்தை அழித்துவிடுவர். எஞ்சுவது 'மெத்', அதாவது 'இறந்தான்'. உடனே கோலெம் மண்ணாகிவிடும்.

ஒருவன் கவனக்குறைவாக இருந்து, நெற்றி கைக்கு எட்டாத உயரத்துக்குக் கோலெமை வளரவிட்டான். பிறகு தன் காலணிகளைக் கழற்றுமாறு அதற்குக் கட்டளையிட்டான். அது குனிந்ததும் எழுத்தை அழித்தான். திட்டம் பலித்தது, ஆனால் அவ்வளவு களிமண்ணும் அவன் மீதே விழுந்து அவனை நசுக்கிக் கொன்றது. இக்கதையில் கோலெம் எந்தத் தீங்கையும் எண்ணவில்லை, இறுதிவரை சொன்னதையே செய்தது. நிறுத்துவதற்கு வழி இருந்தும், அவ்வழி எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று அவன் நாள்தோறும் பார்க்கவில்லை.

பிராகாவின் மகாரால்

பிராகா கதையின் நாயகர், மகாரால் என்று அழைக்கப்படும் இராபி யூதா லோவ் பென் பெசலேல் (இறப்பு: 1609). இவர் வரலாற்றில் வாழ்ந்த பெரும் அறிஞர். 1592இல் பேரரசர் இரண்டாம் ருடோல்பு இவரை அழைத்துப் பேசியதை, இவர் காலத்தவரான தாவீது கான்சு பதிவு செய்துள்ளார். கோலெமைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. மகாராலின் சொந்த நூல்களிலும் அச்செய்தி இல்லை. அவரைக் கோலெமுடன் இணைக்கும் அச்சு நூல்கள் 1830களிலிருந்தே, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்தே, கிடைக்கின்றன.

1847இல் பிராகாவில் வெளியான ஒரு தொகுப்பின்படி, இறைப்பெயர் எழுதிய தாள் கோலெமின் வாயில் வைக்கப்பட்டிருந்தது. ஓய்வுநாளுக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் மகாரால் அதை எடுத்துவிடுவார். ஒரு முறை மறந்துவிட, கோலெம் வெறிகொண்டு அழிவு செய்யத் தொடங்கியது. 92ஆம் திருப்பாடல் பாடப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஓடிச்சென்று தாளைப் பறித்தார். அத்தொழுகைக் கூடத்தில் அப்பாடல் இருமுறை பாடப்படும் வழக்கத்துக்கு இதுவே காரணம் என்பர்.

1909இல் யூதல் ரோசன்பெர்க் என்னும் இராபி, மகாராலின் மருமகன் எழுதிய பழைய கையெழுத்துப் படி கிடைத்ததாகக் கூறி ஒரு நூலை வெளியிட்டார். அது உண்மையில் அவரே எழுதியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதுவரை வேலைக்காரனாக இருந்த கோலெம், இந்நூலில்தான் யூதக் குடியிருப்பின் காவலனாக மாறுகிறது. யூதர் தம் சடங்குகளுக்காகக் கிறித்தவக் குழந்தைகளைக் கொல்கின்றனர் என்னும் பொய்க் குற்றச்சாட்டை முறியடிப்பதே அதன் பணி. இக்குற்றச்சாட்டு பழங்கதை அன்று. 1899இல் பொகேமியாவில் லெயோபோல்டு இல்சுனர் என்பவர் இத்தகைய பழியின் நடுவே தண்டிக்கப்பட்டு, 1918 வரை சிறையில் இருந்தார். 1911இல் கீவ் நகரில் மெண்டல் பெய்லிசு கைதானார். 1913இல்தான் விடுதலை பெற்றார். ரோசன்பெர்க்கின் நூல் ஏன் பழைய உண்மை வரலாறாக ஏற்கப்பட்டது என்பதை இச்சூழலைக் கொண்டே புரிந்துகொள்ள இயலும். இன்று சுற்றுலா நூல்களில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இவருடையதே.

தற்காலத் தாக்கம்

குசுதாவ் மெயிரிங்கின் புதினம் (1915), பவுல் வெகெனர் இயக்கிக் கோலெமாகவும் நடித்த மௌனத் திரைப்படம் (1920) ஆகியவை இக்கதையை உலகெங்கும் பரப்பின. அதே 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 'ஆர். யூ. ஆர்.' நாடகத்தை வெளியிட்டார். கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோத்தா' என்ற செக் சொல்லிலிருந்து 'ரோபோ' என்னும் பெயர் இந்நாடகம் வழியாகவே உலக மொழிகளுக்கு வந்தது. அச்சொல்லைப் பரிந்துரைத்தவர் அவருடைய அண்ணன் யோசெப்பு சாப்பெக்.

தன்னாள்வியல் துறையை நிறுவிய நோர்பர்ட் வீனர், தம் கடைசி நூலின் தலைப்பிலேயே கோலெமைச் சேர்த்தார் (1964). நாம் கேட்டதை அப்படியே தரும் இயந்திரம், நாம் விரும்பியதைத் தராமல் போகலாம் என்பது அந்நூலின் எச்சரிக்கைகளுள் ஒன்று. 1965இல் இசுரேலின் இரெகோவோத் நகரில் வைசுமன் நிறுவனம் அமைத்த கணினிக்கு, 'கோலெம் அலெப்' (முதலாம் கோலெம்) என்று பெயரிடலாம் என்று யூத மறைஞான ஆய்வாளர் கெர்சோம் சோலெம் கூறினார். அப்பெயருக்கான காரணத்தைத் தொடக்க விழாவில் அவரே விளக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் அது ஏற்கப்பட்டது. தற்காலக் கணினி விளையாட்டுக்களிலும் கோலெம் ஒரு வழக்கமான பாத்திரம். 'மைன்கிராப்ட்' விளையாட்டின் இரும்புக் கோலெம் ஊரைக் காக்கும் வேலையையே செய்கிறது.

பிராகாவில்

செயலிழந்த கோலெமின் மண், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பழைய புதிய தொழுகைக் கூடத்தின்' கூரையடி மச்சில் கிடப்பதாக நம்பப்பட்டது. 1920இல் எகோன் எர்வின் கிசு என்னும் இதழாளர் மேலேறித் தேடி, எதையும் காணாமல் திரும்பினார். மச்சுக்குப் பொதுமக்கள் செல்ல இயலாது. கீழே கடைகளில் களிமண் கோலெம் பொம்மைகள் விற்கப்படுகின்றன. மகாராலின் கல்லறை அருகிலுள்ள பழைய யூதர் இடுகாட்டில் உள்ளது. அதை ஒட்டிய பிங்காசு தொழுகைக் கூடத்தின் சுவர்களில், நாட்சிகளால் கொல்லப்பட்ட பொகேமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன.