இலையை ஆராயும் இயந்திரக் கண்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக அமைந்த எழுவான்கரைக் கிராமங்களுள் ஒன்று தேற்றாத்தீவு. தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்குத் தேற்றாங்கொட்டையை மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்துவிடும் வழக்கம் மிகப் பழையது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஆதலால் அவை ஒன்றையொன்று விலக்கியவாறு, அடியிற் படியாமல் அலைந்து திரிகின்றன. கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைத் திரளச் செய்து கீழே படிய வைக்கின்றது. துகள்களோடு கிருமிகளிலும் ஒரு பகுதி அடியிற் சென்றுவிடுகிறது. எஞ்சியவை நீரிலேயே இருக்கின்றன. பார்வைக்கு நீர் பளிங்கு. பருகினால் வயிற்றோட்டம் வராது என்பதற்கு உறுதியில்லை.

தெளிவுக்கும் தூய்மைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான், மேனாடுகளிற் பச்சைக் கீரையைக் கழுவிப் பொதி செய்து விற்கும் ஆலைகளையும் இன்று வாட்டி வருகின்றது. எழுவான்கரை வீடுகளில் வல்லாரைச் சம்பல் எவ்வாறோ, அவ்வாறே மேனாட்டாருக்குச் சலாது. இரண்டும் அடுப்பைக் காணாத உணவுகள். பொன்னாங்காணி வறையிற் கிருமி இருந்தாலும் சட்டியின் சூடு அதைக் கொன்றுவிடும். சம்பலுக்கும் சலாதுக்கும் அந்தக் காவல் கிடையாது. தோட்டத்தில் இலையிற் பற்றியது நேரே உண்பவரின் வாய்க்கு வந்து சேருகிறது.

ஆகவே இலையைப் பொறுக்கிப் பார்ப்பது முதல் வேலையாகின்றது. சுளகிலிட்ட அரிசியிற் கல்லும் கறுத்த மணியும் தேடும் கை செய்யும் வேலைதான் இது. அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி 1930களிலேயே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அவரை வகையைச் சேர்ந்த விதைகளை நிறம் பார்த்துப் பிரிப்பதற்காகத் தொடங்கியது. இலங்கைக்கும் இவ்வியந்திரம் புதியதன்று. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் கருந்தூளினின்று வெளிறிய காம்பையும் நாரையும் பிரிப்பதும், அரிசி ஆலைகளிற் பழுதுபட்ட மணியையும் கல்லையும் தள்ளுவதும் இதன் வேலையே.

எனினும் அரிசிமணி வேறு, இலை வேறு. மணி ஒரே அளவினதாய் வரிசையாக வழுகி விழும். இலையோ மடியும், சுருளும், நனைந்து மற்றோர் இலையோடு ஒட்டிக்கொள்ளும். எனவே கீரை ஆலையில் முதலில் அதிரும் தட்டுகளில் இலைகளைப் பரப்பி, பின்னர் விரைந்தோடும் பட்டியில் ஒற்றை அடுக்காகச் செலுத்துகின்றனர். பட்டியின் முனையில் இலைகள் மெல்லிய திரைபோல வெளியிற் பாய்கின்றன. மேலும் கீழும் உள்ள கமராக்கள் அந்தரத்திலேயே அவற்றைப் பார்க்கின்றன. ஒவ்வாத பொருள் ஒன்று தென்பட்டால், அது பறந்து செல்லும் இடத்தைக் கணக்கிட்டு, வரிசையாய் அமைந்த காற்றுக் குழாய்களுள் உரிய ஒன்று மட்டும் கணப்பொழுது திறந்து மூடுகின்றது. அழுத்தப்பட்ட காற்று அப்பொருளைக் கீழே தள்ளிவிட, நல்ல இலை அப்பாற் போய் விழுகின்றது. காற்றின் வீச்சில் அயலிலுள்ள நல்ல இலைகள் சிலவும் சேர்ந்து போவதுண்டு. கருவியை மிகக் கடுமையாக அமைத்தால் நட்டம், தளர்த்தினால் ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையில் எவ்விடத்தில் நிற்பது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, ஆலைக்காரரே தீர்மானிக்கின்றனர்.

நிறம் மட்டும் போதுமா என்றால் போதாது. பச்சை இலைகளின் நடுவே பச்சைத் தவளை ஒன்று கிடந்தால் நிறம் பார்க்கும் கண் ஏமாறும். பச்சைப் பிளாஸ்டிக் துண்டும் அப்படியே. அதற்கென ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ள இலையின் பச்சையத்தின் மீது தகுந்த லேசர் ஒளி பட்டால், அது அவ்வொளியை உட்கொண்டு, மனிதக் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஆழ்ந்த சிவப்பொளியாக ஒரு பகுதியைத் திருப்பி உமிழ்கின்றது. கல், மரச்சிராய், பிளாஸ்டிக், தவளை ஆகியவற்றிற் பச்சையம் இல்லை. அவை இருண்டு கிடக்கும். செந்நிறச் சலாது இலையிலும் செந்நிறத்தின் அடியிற் பச்சையம் உண்டு. ஆகையால் அது ஒளிர்ந்து தப்பிவிடும்.

ஆனால் களையும் இலைதானே! அதுவும் ஒளிரும். 2022 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் பொதி செய்யப்பட்ட இளங்கீரையை உண்ட பலர் கண் மங்கி, நெஞ்சு படபடத்து, இல்லாதவற்றைக் கண்டு பிதற்றினர். கீரையோடு கலந்து வந்தது ஊமத்தை இனத்தைச் சேர்ந்த ஒரு களை. ஊமத்தையின் இயல்பை அறிந்த தமிழ்க் கிராமத்தவருக்கு அந்த நோய்க்குறிகள் வியப்பளிக்க மாட்டா. இத்தகைய களையைப் பிரிப்பதற்கு இலையின் வடிவத்தைப் பழகி அறியும் கணினி வேண்டும். அதற்கும் முன்னர், வயலிற் களை பிடுங்கும் கை வேண்டும்.

இயந்திரக் கண் நஞ்சையே நெருங்கிப் பிடிக்கும் இடமும் ஒன்று உண்டு. அது கச்சான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சம் வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்கு ஊட்டிய கச்சான் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரியவந்தது. அபிளாடொக்சின் எனப்படும் அந்நஞ்சு மனிதரின் ஈரலுக்கும் கேடானது. வறுத்தாலும் முற்றாக அழியாதது. நல்லூழாக, பூஞ்சணம் பற்றிய பருப்பு பெரும்பாலும் நிறம் மாறிவிடுகின்றது. அந்நிறத்தைப் பார்த்துத் தள்ளுவதால் முழுக் குவியலின் நஞ்சும் பெரிதும் குறைகின்றது. இங்கே கேடு தன் அடையாளத்தைத் தானே காட்டி நிற்கிறது.

கீரையிற் பற்றும் கிருமி அவ்வாறு காட்டுவதில்லை. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பொதி செய்த பசளிக் கீரையால் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கலிபோர்னியாவின் தோட்டம் ஒன்றின் அயலில், மாடுகளின் சாணத்திலும் காட்டுப் பன்றிகளிடத்தும் அதே ஈ. கோலைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2011இல் ஜேர்மனியில் நேர்ந்தது இன்னும் கொடியது. அங்கு 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்று, 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம், முளைகட்டிய வெந்தயம் எனக் கண்டனர். வெந்தய விதை காய்ந்து, மஞ்சளாய், குறையற்றே தோன்றும். அதை எந்தக் கமராவின் முன் ஓட்டியிருந்தாலும் நல்ல விதை என்றே அது சொல்லியிருக்கும்.

சாணத்தின் சுவடுகளைப் பிடிக்க ஆய்வாளர் முயன்றுள்ளனர். புல்லுண்ட மாட்டின் சாணத்திற் பச்சையத்தின் சிதைவுப் பொருள்கள் எஞ்சியிருக்கும். புறவூதாக் கதிரில் அவை செந்நிறமாய் ஒளிரும். சுவடு கண்ட இலையை விலக்கலாம். மழையிற் சுவடு கழுவுண்டு கிருமி மட்டும் தங்கிய இலையை யார் காட்டுவார்?

அதனால்தான் கழுவும் நீரே ஆலையின் உயிர்நிலையாகின்றது. அந்நீரிற் குளோரீன் சேர்ப்பது இலையிலுள்ள கிருமிகளையெல்லாம் அழித்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வெட்டுவாயிலும் இலைத்துளையிலும் புகுந்து ஒளிந்தவற்றைக் குளோரீன் எட்டுவதில்லை. ஓர் இலையின் அழுக்கு, தொட்டி நீரின் வழியே ஆயிரம் இலைகளுக்குப் பரவாமற் காப்பதே அதன் முதன்மையான பணி. நீரில் மண்ணும் இலைச்சாறும் மிகுந்தால் குளோரீன் அவற்றிலேயே செலவழிந்து போகும். அப்போது தொட்டியே நோயைப் பங்கிடும் பாத்திரமாகிவிடும்.

எழுவான்கரையில் இலைபார்க்கும் இயந்திரமின்றியே கீரை விளைந்து சந்தைக்குப் போகின்றது. மணற்பாங்கான இந்நிலத்திற் கிணறுகள் ஆழமற்றவை. மலக்குழி அருகிலிருந்தால் அதன் கசிவு மணலினூடே விரைந்து கிணற்றை அடையக்கூடும். அந்த நீரும் தெளிந்தே தோன்றும். வல்லாரையைச் சம்பலுக்கு எடுப்போர் மண்போக ஓரிரு முறை அலசிய பின், கடைசியாகக் கழுவும் நீர் கொதித்தாறியதாக இருத்தல் நலம். மீன் அரிந்த கத்தியையும் பலகையையும் அதற்கு எடுத்தல் ஆகாது. ஆலையிற் கமரா ஓர் இலையைப் பார்த்து முடிக்க விநாடியின் ஒரு சிறு பின்னம் போதும், ஆய்வுகூடத்தில் ஈ. கோலையை வளர்த்துப் பார்க்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.