தளர்ந்த தந்தியும் தகுந்த கிதாரும்

கிதாரின் ஆறு தந்திகளுக்கும் வழக்கமான சுருதி ஒன்று உண்டு. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து எண்ணினால் இ, ஏ, டி, ஜி, பி, இ என்னும் மேனாட்டுச் சுரங்கள் வரும். கற்பவர் முதலில் பழகுவது இதனையே. ஆயினும் இதனை மாற்றலாகாது என்று விதியொன்றும் இல்லை. ஆறாம் தந்தியையும், இரண்டாம், முதலாம் தந்திகளையும் ஒவ்வொரு முழுச் சுரம் தளர்த்தினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று ஆகிவிடும். டி என்பதை ஸட்ஜமாகக் கொண்டு பாருங்கள்: ஸ, ப, ஸ, ம, ப, ஸ! மெட்டு எதனையும் தொடாமல் மீட்டினாலே தம்புராவை நினைவூட்டும் நாதம் எழும்.

இங்கிலாந்துக் கலைஞர் டேவி கிரகாம் 1960களின் தொடக்கத்தில் இச்சுருதியைக் கையாண்டார். மொராக்கோவில் ஊத் என்னும் நரம்புக் கருவி வாசிப்போருடன் இணைந்து இசைக்க அவருக்கு இது பயன்பட்டது. பின்னர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப் பாடல்களை விரலால் மீட்டுவோர் இதனைத் தமதாக்கிக் கொண்டனர்.

இத்தகைய வாசிப்புக்கு எந்த அமைப்புள்ள கிதாரை வாங்குவது? பொருந்தாத கருவியை வாங்கிவிட்ட மாணவன், தந்தி இரைவதையும் சுருதி பிசகுவதையும் கேட்டுத் தன் கையையும் காதையுமே குறை கூறிக்கொள்வான். குற்றம் அவனுடையதாக இருக்க வேண்டியதில்லை.

பௌதிகம் பயில்வோர் அறிந்த விதி ஒன்று இங்கே துணை செய்யும். நீளமும் கனமும் மாறாத தந்தியின் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். இ என்பதை டி ஆக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ 11 விழுக்காடே குறைகிறது. இழுவிசையோ 20 விழுக்காட்டிற்கு மேல் குறைந்துவிடுகிறது. இன்னும் இறங்கி சி வரை சென்றால் 37 விழுக்காடு போய்விடும். இழுவிசை குறைந்த தந்தி அகன்று ஆடி மெட்டுகளில் மோதும், அதுவே இரைச்சல். விரலால் சற்று அழுத்திப் பிடித்தாலும் அதன் சுருதி அளவுக்கு மீறி ஏறும், அதுவே பிசகு.

இழந்ததை மீட்க வழிகள் இரண்டு. ஒன்று, தந்தியின் அதிரும் நீளத்தைக் கூட்டுவது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1929இல் பெரி பெக்டெல் என்னும் பாஞ்சோ கலைஞரின் விருப்பத்திற்கிணங்க, 14 மெட்டுகள் உடலுக்கு வெளியே அமையுமாறு ஓ.எம். என்னும் வகையைச் செய்தது. அதன் தந்தி நீளம் 25.4 அங்குலம். ஏறத்தாழ அதே உடல் கொண்ட மூன்று சுழி வகைக்குப் பின்னர் 24.9 அங்குலமே வழக்கமாயிற்று. இந்த அரை அங்குலத்தைப் பற்றிக் கிதார் அன்பர்கள் ஓயாது வாதிடுவதுண்டு. கணக்குப் போட்டால் அது தருவது 4 விழுக்காடு இழுவிசைதான்! இரண்டாவது வழி, தடித்த தந்தி பூட்டுவது. ஆறாம் தந்தியை 0.053 அங்குலத்திலிருந்து 0.056 அங்குலமாக மாற்றினால் 10 விழுக்காட்டிற்கு மேல் கிடைக்கும், செலவும் சொற்பம். ஆகவே டி வரை மட்டும் இறங்குவோர் நீளத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டா. சி வரை இறங்குவோருக்கு நீளம், தடிமன் இரண்டும் வேண்டும்.

உடலமைப்பே எனக்கு முதன்மையாகப் படுகிறது. டிரெட்நாட் என்னும் பெரிய வகை, பிரிட்டனின் போர்க்கப்பல் ஒன்றின் பெயரைத் தாங்கியது. இடை அகன்ற அந்த உடல் கீழ்ச்சுரங்களை முழங்கச் செய்யும். பாட்டுக்குப் பக்கபலமாக வாசிக்க ஏற்றது. ஆனால், முன்னரே தாழ்ந்த சுருதியில் அம்முழக்கம் மேல்தந்திகளின் மெல்லிய பாட்டை மூடிவிடக்கூடும். விரல் நுனியின் தசை, மீட்டுவில்லையைப் போல் வலுவாகத் தாக்குவதில்லை என்பதையும் மறக்கலாகாது. இடை ஒடுங்கிய நடுத்தர உடலில், மெல்லிய மேற்பலகையில், ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். ஓ.எம். வகையை விரல் மீட்டுவோர் நாடுவது இதனால்தான். கழுத்தின் மேல்முனை அகலம் 1¾ அங்குலம் இருப்பின் விரல்கள் நெருக்குண்ணா.

இதற்கு மாறான சான்றும் உண்டு. டி, ஏ, டி, ஜி, ஏ, டி சுருதியையே தம் வாழ்நாள் சுருதியாகக் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் பியேர் பென்சுசன், வட அயர்லாந்தின் ஜார்ஜ் லௌடன் 1978இல் செய்த கிதாரைப் பல்லாண்டுகள் வாசித்தார். அது சிறிய கருவியன்று. மேற்பலகையும் உள்ளே தாங்கும் சட்டங்களும் செம்மையாக இழைக்கப்பட்டால் பெரிய உடலும் தெளிவாகப் பேசும். அத்தகைய வேலைப்பாட்டுக்கு விலை மிகுதி.

தந்திகளை மேலேற்றும் சுருதிகளும் உண்டு. ஒரு முழுச் சுரம் ஏற்றினால் இழுவிசை 26 விழுக்காடு கூடிக் குதிரையையும் பலகையையும் வருத்தும். அவற்றைத் தளர்ந்த சுருதியிலேயே வைத்து, இரண்டாம் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டி வாசித்தல் நலம்.

கடைக்குச் சென்றால், கருவியை அவர்கள் வைத்திருக்கும் சுருதியில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வாசிக்கப்போகும் சுருதிக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். ஆறாம் தந்தியை மெல்லவும் பின் வலிந்தும் மீட்டுங்கள். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே விரலால் தொட்டு எழும் மெல்லொலியையும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையேல் தடித்த தந்தி பூட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதன் பின்னும் பிசகினால் வேறு கருவியை எடுத்துப் பாருங்கள்.