பன்றித் தீவனமும் ஆரியோமைசினும்

பெங்களூரைச் சுற்றியுள்ள சிறு பன்றிப் பண்ணைகளுக்கு வந்து இறங்கும் ஹோட்டல் மிச்சப் பீப்பாயின் மூடியைத் திறந்து நோக்கினால், சோறும் இட்லியும் பூரித்துண்டும் சாம்பாரில் ஊறிக் கிடக்கக் காணலாமேயன்றி, வளரும் குட்டிக்கு இன்றியமையாத புரதம் அதில் சொற்பமே. மாவுச்சத்தைத் தின்று பன்றி கொழுக்கும், சதை பிடிக்காது.

தசை விருத்திக்கு வேண்டிய அமினோ அமிலங்களுள் லைசின் என்பது அரிசி, மக்காச்சோளம் முதலிய தானியங்களில் மிகக் குறைவு. கடலைப் புண்ணாக்கிலும் போதாது. சோயாப் புண்ணாக்கும் மீன் தூளுமே அக்குறையைத் தீர்க்க வல்லவை. லைசின் தீர்ந்துபோமாயின், ஏனைய அமிலங்கள் எவ்வளவு மிகுந்திருப்பினும் சதையாக மாறாமல், கல்லீரலில் சிதைந்து, யூரியாவாகிச் சிறுநீரோடு வெளியேறிவிடும். கொட்டிலில் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியில், பண்ணைக்காரர் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கும் ஒரு பங்கு கலந்திருக்கிறது. கால்நடைகளின் ஆகாரத்தை ஆராய்வதற்கென்றே 1995 முதல் இந்நகரின் ஆடுகோடியில் ஒரு தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. அதற்கும் அந்தப் பீப்பாய்க்கும் இடையே உள்ள தூரம் மைல் கணக்கில் மட்டும் அளக்கக்கூடியதன்று.

புரதத்தின் கதை பழையது. தீவனத்தில் கலக்கும் மருந்தின் கதையோ தற்செயலாய் நேர்ந்தது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர், பி12 வைட்டமினை நாடி, ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தின் தயாரிப்பில் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டியபோது, அந்த வைட்டமினால் மட்டும் விளைந்திருக்க முடியாத வளர்ச்சி தென்பட்டது. 1950 வாக்கில் பன்றிக்குட்டிகளிலும் அதே அதிசயம் புலனாயிற்று. பிற்காலச் சோதனைகளோ, புதிய சுத்தமான கொட்டிலில் அப்பயன் சுருங்குவதையும், கிருமியே இன்றி வளர்த்த குஞ்சுகளில் அறவே மறைவதையும் காட்டின. ஆகவே அம்மருந்து ஊட்டம் அன்று. குடலில் கிருமிகளால் விரயமாகும் ஊட்டத்தை மீட்டுத் தருவதே அதன் தொழில் என்பது என் துணிபு. அழுக்குத் தரையைக் கழுவாமல் மருந்தைத் தூவியவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். மனிதருக்குக் கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கோலிஸ்டின் என்னும் கிருமிக்கொல்லியை எதிர்க்கும் மரபணு சீனப் பன்றிகளிடமிருந்த கிருமிகளில் காணப்பட்டதாக 2015-இல் செய்தி வந்தது. 2019-இல் இந்திய அரசு கோலிஸ்டினை உணவுக்குரிய பிராணிகளுக்கு அளிப்பதைத் தடை செய்தது.

டென்மார்க் தேசத்தார் 1990-களின் இறுதியில் தீவன மருந்தைக் கைவிட்டபோது, பால் மறந்த குட்டிகளிடையே கழிச்சல் சிலகாலம் அதிகரிக்கவே செய்தது. செரியாத புரதம் பெருங்குடலை அடைந்து அங்குள்ள கெட்ட கிருமிகளுக்கு விருந்தாவதும் அதற்கொரு காரணம். ஆதலால் அந்தப் பருவத்தில் மொத்தப் புரதத்தைச் சற்றே குறைத்து, குறைந்துபோகும் லைசினைத் தனியே சேர்ப்பதும், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளைத் தள்ளிப்போடுவதும் இன்று பல நாட்டுப் பண்ணைகளில் வழக்கத்தில் உள்ளன.