மறுதாம்புச் சோளமும் கறவை மாடும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் சோளமும் மக்காச்சோளமும் அறுவடையானபின் கறவை மாடுகளை அரிதாளில் மேயவிடுவது செலவில்லாத தீவன வழியே எனினும், அறுத்த சோளக்கட்டையிலிருந்து மழைக்குப்பின் கிளைக்கும் மறுதாம்பு எனப்படும் இளந்துளிர் மாட்டின் உயிரையே பறிக்கக்கூடும். இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் மிகுந்திருக்கும் டூரின் என்னும் வேதிப்பொருள், முதல் இரைப்பையில் சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளியிட, அது உடல் திசுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பதால், மாடு மூச்சுத்திணறி, நடுங்கி, சில நிமிடங்களிலேயே சாயக்கூடும். இரத்தமோ பளீரெனச் சிவந்திருக்கும். கால்நடை மருத்துவர் உடனே சோடியம் தயோசல்பேட்டு முதலிய மருந்துகளை இரத்தக்குழாயில் செலுத்தினால் பிழைக்க வழியுண்டு. பெரும்பாலும் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மக்காச்சோளத்தில் இந்த அச்சம் மிகக் குறைவு. ஆகவே பூக்கும் முன்னர்ச் சோளக்காட்டில் மாட்டை விடாமல், தரிசில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்து மேய்ப்பதே தக்கது.