கை பழகிய இடம்

2025 ஆகஸ்ட் மாதம் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பலர் ஒருவரையொருவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். "கால் வர்ற ஸ்க்ரீன் திடீர்னு மாறிடுச்சே, உனக்கும் அப்படியா?" முந்தின நாள் வரை ஒரு மாதிரி இருந்த திரை, மறுநாள் வேறு மாதிரி இருந்தது. 'ஃபேவரிட்ஸ்', 'ரீசன்ட்ஸ்' என்று தனித்தனியாக இருந்தவை 'ஹோம்' என்ற ஒரே பக்கத்துக்குள் போயின. கான்டாக்ட்ஸ் பட்டியல் மேலே ஒரு மெனுவுக்குள் ஒதுங்கியது. அழைப்பு வந்தால் மேலே தள்ளி எடுத்துப் பழகியவர்கள் இனி பக்கவாட்டில் தள்ள வேண்டும். யாரும் எந்த அப்டேட் பட்டனையும் அழுத்தவில்லை. யாராவது போனுக்குள் புகுந்துவிட்டார்களோ என்று பயந்தவர்களும் உண்டு. நடந்தது அதுவல்ல. கூகுள் தன் 'போன்' ஆப்பை 'மெட்டீரியல் 3 எக்ஸ்பிரஸிவ்' என்ற புதிய வடிவத்துக்கு மாற்றியது. ஆப் ப்ளே ஸ்டோர் வழியாகத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். புதுத் தோற்றத்தைக் கூகுள் தன் சர்வரிலிருந்தே திறந்துவிடலாம். போனின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டிய இடம் இந்த வழியில் எங்குமே இல்லை.

இப்படி எழும் முணுமுணுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், மனிதர்களுக்குப் புதியது எதுவும் பிடிக்காது என்பது. அது பாதி உண்மைகூட இல்லை. புது போன் வாங்கும்போது அதே ஆட்கள் ஆசையாகப் புதுத் திரையைப் பழகுகிறார்கள். அங்கே மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இங்கே பறிபோனது வேறொன்று, கைப்பழக்கம். போன் அடிக்கிறது, அடுப்பில் தாளிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கையில் கரண்டி. அந்த நேரத்தில் யாரும் திரையைப் படிப்பதில்லை. விரல் தானாகப் போகிறது, மேலே தள்ளுகிறது, பேச்சு தொடங்குகிறது. சைக்கிள் ஓட்டுவது போல, திரும்பத் திரும்பச் செய்து உடம்புக்குள் போய்விட்ட அறிவு அது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கோ, கண்புரை உள்ள பெரியவருக்கோ இதுதான் முழு அறிவும். பச்சை எங்கே இருக்கும், சிவப்பு எங்கே இருக்கும், எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று இடத்தையும் நிறத்தையும் வைத்தே அவர்கள் போனைக் கற்றிருக்கிறார்கள். யாரோ பிள்ளையோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை ஒரே இரவில் செல்லாததாக்குவதற்கு முன், ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கூகுளின் தரப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்த வடிவமைப்புக்காக 46 ஆய்வுகள், 18,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் பட்டனைப் பெரிதாக்கிக் கீழே கொண்டுவந்தபோது, பழைய வடிவத்தைவிட நான்கு மடங்கு வேகத்தில் கண்கள் அதைக் கண்டுபிடித்தன என்பது அவர்கள் காட்டும் சான்று. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் இளையவர்களுக்கு இணையாகக் கண்டுபிடித்தார்களாம். பக்கவாட்டுத் தள்ளலுக்கும் காரணம் உண்டு: பையிலிருந்து போனை உருவும்போது விரல் மேலும் கீழும் உரசி, தெரியாமல் அழைப்பு எடுபடுவதோ கட்டாவதோ குறையும். இவை எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த ஆய்வு எதை அளக்கிறது என்று பாருங்கள். ஒரு திரையைக் காட்டி, அதில் ஒரு பட்டனைத் தேடச் சொல்லி, எத்தனை நொடியில் கண் போகிறது என்று அளக்கிறது. ஐந்து வருடமாக அந்தப் பட்டனை அழுத்தி வருபவர் எதையும் தேடுவதில்லை. தேட வேண்டிய தேவையை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். புதியவருக்கு நான்கு மடங்கு வேகம் கிடைக்கும் அதே மாற்றம், பழகியவரை மறுபடி தேடுபவராக ஆக்குகிறது. முதல் பார்வையின் வேகமும் நெடுநாள் பழக்கத்தின் வேகமும் வேறு வேறு. ஒன்றை அளந்து வைத்துக்கொண்டு மற்றதற்கும் அதுவே பதில் என்று சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் தமிழுக்கென்றே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்யெழுத்துகள் வலது பக்கம், அடிக்கடி வரும் எழுத்துகள் விரலுக்கு அருகில் என்று யோசித்துச் செய்த அமைப்பு. கற்றுக்கொள்ள எளிது, வேகமும் அதிகம். ஆனாலும் தட்டச்சுப் பயிலகங்களில் பழைய முறையைப் படித்துத் தேர்வெழுதியவர்களின் விரல்கள் பழைய இடத்துக்கே போயின. இலங்கைத் தமிழர் பலர் 'பாமினி' அமைப்பிலேயே தட்டினார்கள். ஆங்கில எழுத்தை வைத்து ஒலிப்படி தட்டுபவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இவர்களில் யாரையும் கைவிடவில்லை. தமிழ் 99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு, பாமினி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றன. சிறந்தது எது என்ற விவாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தது. அதற்காக யாருடைய விரலும் முடக்கப்படவில்லை. சிறிய குழுக்கள் விலையின்றிக் கொடுத்த மென்பொருளில் சாத்தியப்பட்டதை, உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் கட்டுப்படியாகாது என்று சொன்னால் அதை ஏற்பது கடினம்.

"முதலில் எல்லாரும் கத்துவார்கள், மூன்று மாதத்தில் பழகிவிடும்" என்பது அடுத்த மறுப்பு. இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் ஐஓஎஸ் 7. 2013 செப்டம்பரில் ஐபோனின் முகமே மாறியது. தோல், மரம், காகிதம் போல வரையப்பட்டிருந்த ஆப்கள் தட்டையான நிறங்களாயின. நிறையப் பேர் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், மற்ற போன்களும் அதே வழியில் போயின. இதுவரை சரி. ஆனால் அன்று வந்த புகார்கள் அனைத்தும் ஒரே ரகம் அல்ல. ஆப்பைத் திறக்கும்போதும் மூடும்போதும் திரை பாய்ந்து வந்து பாய்ந்து போகும் அசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தந்தது. பேருந்தில் வாந்தி வருபவரிடம் பழகிவிடும் என்று சொல்வதில் பயனில்லை. மறு மாதமே வந்த 7.0.3 அப்டேட்டில், அந்த அசைவை நிறுத்திவைக்க ஆப்பிள் வழி செய்தது. புகார்களைக் கேட்டதால் வந்த திருத்தம் அது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு புகார். கைக்கு எட்டவில்லை என்பது வேறு. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, படிக்கவே முடியவில்லை என்பது இன்னும் வேறு. முதல் வகை காலத்தோடு கரைந்துவிடும் என்பதற்காக மற்றவற்றையும் அதே மூட்டையில் கட்டித் தூக்கிப் போடக் கூடாது.

படிக்க முடியவில்லை என்ற புகாருக்குச் சமீபத்திய சாட்சி, ஆப்பிளின் 'லிக்விட் கிளாஸ்'. 2025 ஜூன் 9 அன்று அறிமுகமாகி, செப்டம்பர் 15 அன்று ஐஓஎஸ் 26 ஆக வெளியானது. பட்டன்களும் மெனுக்களும் கண்ணாடிபோல ஆகி, பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும். பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறை சொல்கிறது. பின்னணி ஒரே நிறமாக இருந்தால் இதை வடிவமைக்கும்போதே உறுதி செய்துவிடலாம். கண்ணாடியில் பின்னணி என்பது அந்த நிமிடம் உங்கள் திரையில் என்ன ஓடுகிறதோ அது: வெள்ளைச் சட்டை போட்ட புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, கறுப்புச் சுவர் எதுவாகவும் இருக்கலாம். வெள்ளைப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வந்து நின்றால் என்ன செய்வது? தமிழில் இது இன்னும் கூடுதலாக உறுத்தும். ண, ன, ற என்று சுழிகளையும் வளைவுகளையும் வைத்தே எழுத்தைப் பிரித்தறிகிறோம். சுழி மங்கினால் எழுத்தே மாறிவிடும். சோதனைப் பதிப்புகளில் ஆப்பிள் ஒரு முறை கண்ணாடியை மங்கலாக்கியது, பிறகு மறுபடி தெளிவாக்கியது. கடைசியில் நவம்பரில் வந்த 26.1 பதிப்பில், தெளிவான கண்ணாடியா, சற்று நிறமேற்றிய கண்ணாடியா என்று பயனரே தேர்ந்தெடுக்க வழி வைத்தது. முதல் நாளே வைத்திருக்கலாம்.

பார்த்தால் இது ஒரு வாடிக்கையாகவே தெரிகிறது. 2021-இல் ஐபோனின் சஃபாரி உலாவியில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கினார்கள். சோதித்தவர்கள் ஆட்சேபிக்கவே, வெளியீட்டுக்கு முன் அதை மேலேயும் வைத்துக்கொள்ளலாம் என்று விருப்பம் தந்தார்கள். 2024-இல் போட்டோஸ் ஆப்பை ஒரே நீளப் பக்கமாக்கினார்கள். மறு வருடம் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். நிறுவனங்கள் பயனர்களைக் கேட்பதே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சோதனைப் பதிப்பைத் தேடிப் போட்டுக்கொள்பவர் யார்? நல்ல கண், விலையுயர்ந்த போன், கருத்தை எழுதி அனுப்ப நேரம், பெரும்பாலும் ஆங்கிலம், இவ்வளவும் உள்ளவர். அழைப்பை எடுக்கத் தெரியாமல் நான்கு மிஸ்டு காலுடன் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் குரல் அங்கே போய்ச் சேர்வதில்லை. அவர் புகார் சொல்வதில்லை. போன் கெட்டுப்போச்சு என்கிறார், அல்லது தனக்கு மறதி வந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

பாதுகாப்புக்காக அப்டேட் அவசியம், அதைத் தடுத்தால் ஆபத்து என்பது உண்மையான மறுப்பு. ஓட்டை அடைக்கும் திருத்தங்கள் கேட்காமலே வரட்டும். பணப் பரிமாற்றமே போனில் நடக்கும் காலத்தில் அது தேவை. ஆனால் பூட்டை மாற்றுவதும் வாசலை இடம் மாற்றுவதும் வேறு வேலைகள். இன்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். பழைய அழைப்புத் திரை வேண்டும் என்றவர்களுக்கு அப்போது சொல்லப்பட்ட வழி, ஆப்பின் அப்டேட்களை மொத்தமாக நீக்குவது. பழைய தோற்றத்தோடு பழைய ஓட்டைகளும் திரும்பி வரும். தானியங்கி அப்டேட்டை நிறுத்தாவிட்டால் புதுத் தோற்றமும் விரைவில் வந்துவிடும். தோற்ற மாற்றத்தைத் தனியாகக் காட்டி, தமிழில் இரண்டு வரியில் விளக்கி, இப்போதா பிறகா என்று கேட்டு, குறைந்தது ஒரு வருடமாவது பழையதற்குத் திரும்பும் பட்டனை வைத்தால் போதும். இரண்டு வடிவத்தைப் பராமரிக்கச் செலவாகும்தான். அந்தச் செலவை நிறுவனம் ஏற்காதபோது அது மறைந்துவிடுவதில்லை. வீடு வீடாக உட்கார்ந்து மறுபடி சொல்லிக்கொடுப்பவர்களின் நேரமாக அது வெளியே வருகிறது.

அதுவரை ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் கூகுளின் போன் ஆப் இருந்தால், அதன் செட்டிங்ஸுக்குள் 'இன்கமிங் கால் ஜெஸ்ச்சர்' என்று ஒன்று இருக்கும். அதில் 'சிங்கிள் டேப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பக்கமும் தள்ள வேண்டாம். எடுக்க ஒரு பட்டன், மறுக்க ஒரு பட்டன், தொட்டால் போதும். மாற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் போனிலிருந்து இரண்டு முறை அழைத்து, அவரையே எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.