ஆள்காட்டி அலறாத தொலைவில்

நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் நாமக்கல் மாவட்டத்துப் பண்ணைகளினின்று லாரியேறிப் போகின்றன. அத்தகைய மாவட்டத்தில் நான்கே நான்கு முட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் வியக்கலாம். அந்த நான்கும் அழிவதற்குக் காரணமாயிருந்தவன் நானே. ஆகவேதான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத மாலையில், வற்றிக்கொண்டிருந்த ஏரியொன்றின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். செம்மூக்கு ஆள்காட்டி ஒன்று திடுமென எழும்பி, என் தலைக்கு மேல் வட்டமிட்டு அலறிற்று. இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, கூழாங்கற்களோடு கூழாங்கற்களாகத் தோன்றும் மூன்று நான்கு முட்டைகளை இடும். அவற்றைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் குனிந்தும் மண்டியிட்டும் கால் மணி நேரம் கைப்பேசியில் படமெடுத்தேன். தாய்ப்பறவை அவ்வளவு நேரமும் கதறிக்கொண்டேயிருந்தது.

மூன்றாம் நாள் மீண்டும் சென்றபோது பள்ளம் மட்டுமே இருந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “சாமி, நீங்க குனிஞ்சு நின்ன எடத்தக் காக்கா ரெண்டு பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் வந்து எறங்கிருச்சுங்க” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இந்நிகழ்ச்சியை எங்கள் பங்கு இளைஞர் ஒருவரிடம் கூறினேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர் அவர். “நாம கிட்டப் போகாம, பறவையக் கிட்டக் கொண்டாரலாங்க சாமி” என்று சொல்லி, தாம் சேமித்த பணத்தில் வாங்கியிருந்த சிறு தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது அதன் பெயர். ஒற்றைக் குழலுடைய இக்கருவி, ஒரு தோள்பையில் அடங்கிவிடும். அதன் முகப்பு வில்லை 50 மில்லிமீட்டர் அகலமுடையது. இருபது மடங்கு பெருக்கத்தில் நோக்கினால், நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பறவை ஐந்து மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும்.

தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் நம் கண்ணுக்குப் பதிலாகக் காமிராவை வைத்துப் படமெடுக்கும் இம்முறை, பறவை ஆர்வலரிடையே பரவியது 1999ஆம் ஆண்டிலிருந்துதான். மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ என்பவர், புதிதாக வந்திருந்த டிஜிட்டல் காமிரா ஒன்றைத் தம் தொலைநோக்கியின் பின்புறம் வைத்துப் பார்த்தார்; படம் தெளிவாக விழுந்தது. பெருஞ்செலவில் நீண்ட லென்சு வாங்க இயலாதோர்க்கு அது ஒரு வழியைத் திறந்துவிட்டது. இன்றோ கைப்பேசியே போதும்.

எனினும் முயற்சி செய்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். முகப்பு வில்லையின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், பின்புறம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இருபது மடங்கில் அது இரண்டரை மில்லிமீட்டர். நாற்பது மடங்கில் ஒன்றேகால் மில்லிமீட்டர். பெருக்கம் கூடக்கூட ஒளி மங்கும் என்பது இதனால் விளங்கும். ஆகையால் குறைந்த பெருக்கத்திலேயே தொடங்குக. அச்சிறு ஒளிவட்டத்தின் நேர் நடுவில் கைப்பேசியின் முதன்மை வில்லை அமைய வேண்டும். சற்றே விலகினாலும் படம் இருண்டுவிடும். இதற்கென அடாப்டர்கள் விற்கின்றன. நம் இளைஞரோ பி.வி.சி. குழாய்த் துண்டையும் ரப்பரையும் கொண்டு தாமே ஒன்றைச் செய்துகொண்டார்.

படத்தைச் சுற்றிக் கருவளையம் தோன்றினால் அஞ்ச வேண்டாம். கைப்பேசியில் சிறிது பெரிதாக்கினால் அது மறையும். கருவி இருபது மடங்கு பெருக்கும்போது கையின் நடுக்கத்தையும் இருபது மடங்கு பெருக்கும். ஆதலின் உறுதியான முக்காலி இன்றியமையாதது. விரலால் தொடும் அதிர்வுகூடப் படத்தைக் கலைத்துவிடும் என்பதால், இரண்டு விநாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுதல் சிறந்தது.

நம் சமவெளிக்கே உரிய இடையூறு ஒன்றும் உண்டு. வெயில் ஏறியதும் நிலத்தினின்று எழும் வெப்பக்காற்று காட்சியை நெளியச் செய்யும். எத்தனை விலையுயர்ந்த வில்லையும் இக்கானலை வெல்லாது. காலைத் திருப்பலி முடிந்த கையோடு புறப்பட்டால் நல்ல படம் கிட்டும். பெற்றோர் கவனிக்க: இக்கருவியைக் கதிரவனை நோக்கி ஒருபோதும் திருப்ப விடாதீர்கள். ஒரு நொடிப் பார்வையே குழந்தையின் கண்ணைக் கெடுத்துவிடும்.

சேலம் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரி இப்பயிற்சிக்கு ஏற்ற இடம். 2010ஆம் ஆண்டையொட்டி நகர மக்களே முன்வந்து அவ்வேரியைச் சீர்செய்து, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரக்கன்றுகள் நட்டனர். மனிதர் கால் படாத அத்திட்டுகள் பறவைகளுக்குப் புகலிடமாயின. கரையில் நிற்கும் நமக்கும் அவற்றுக்கும் இடையே நீர் கிடக்கிறது. அந்த இடைவெளியைக் கெடுக்காமல் கடப்பதற்கே இக்கருவி.

இவ்வாறு எடுக்கும் படம் வெறும் அழகுக்கு மட்டுமன்று. உருவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் உள்ளான்களை இன்னதென்று உறுதி செய்யப் படமே சான்றாகிறது. கோடியக்கரையில் ஆய்வாளர் பறவைகளின் காலில் இடும் வளையங்களின் எழுத்துகளையும் பறவையைப் பிடிக்காமலே படிக்க இயலும். 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர் நடத்தும் கணக்கெடுப்பில் குடும்பத்தோடு பங்குபெறலாம். பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணிப் பதிவதே போதும். ஆனால் கூடு இருக்கும் இடத்தை மட்டும் எவர்க்கும் பரப்ப வேண்டாம்.

சென்ற கோடையில், அதே ஏரியின் கரை மேட்டில், புளியமர நிழலில் முக்காலியை நிறுத்தினோம். ஏறத்தாழ நூறு மீட்டருக்கு அப்பால் ஆள்காட்டியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற, அது எழுந்து நீர்விளிம்புக்கு நடந்து சென்று, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, முட்டைகளின் மேல் அமர்ந்தது. சுடும் தரையில் முட்டைகளைக் குளிர்விக்க இப்பறவை கையாளும் வழி இதுவாகும். நான் மண்டியிட்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில் எதைத் தடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆள் வருவதை ஊருக்கெல்லாம் அறிவிப்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். அன்று இரண்டு மணி நேரம் இருந்தோம்; ஒரு முறைகூட அது குரலெழுப்பவில்லை.

இரு படங்களும் என்னிடம் உள்ளன. முதலாவது மிகத் தெளிவானது. அதில் முட்டைகள் மட்டுமே இருக்கின்றன. இரண்டாவது ஓரங்களில் சற்று மங்கலானது. அதில் நனைந்த வயிற்றோடு தாய் அமர்ந்திருக்கிறது. அதன் அலகு மூடியிருக்கிறது. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இரண்டாவதைத்தான். முதலாவதை அழிக்காமல் எனக்கென வைத்திருக்கிறேன்.