‘டாங்கி காங்’ பெற்ற முதல் மதிப்பெண்கள்

புத்தகம் ஒன்று வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறார்கள். திரைப்படம் வந்தால் விமர்சனம் வருகிறது. வீடியோ விளையாட்டுக்கும் விமர்சகர்கள் உண்டா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்டு. ஆனால் 1981ஆம் ஆண்டில் அந்தத் தொழில் தொட்டில் பிள்ளையாகத்தான் இருந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் ‘டாங்கி காங்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இன்று உலகெங்கும் குழந்தைகள் அறிந்த மாரியோ முதன்முதலில் தோன்றியது அதில்தான். முதலில் அதைப் பார்த்தவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக அதைச் சிறிது விளக்குவோம். ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு, கட்டி முடியாத இரும்புக் கட்டிடத்தின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. கீழே குட்டையாக ஒரு தச்சர் நிற்கிறார். குரங்கு மேலிருந்து பீப்பாய்களை உருட்டிவிடும். தச்சர் அவற்றைத் தாண்டிக் குதித்து, ஏணி ஏணியாக ஏறி, அந்தப் பெண்ணை மீட்க வேண்டும். மொத்தம் நான்கு காட்சிகள். கடைசிக் காட்சியில் எட்டு ஆணிகளையும் கழற்றிவிட்டால் குரங்கு தலைகீழாக விழும். ஆடுபவரின் கையில் இருப்பவை ஒரு கைப்பிடியும் குதிப்பதற்கான ஒரு பொத்தானும் மட்டுமே.

இதில் என்ன புதுமை என்று தோன்றும். அந்நாளில் கடைகளில் நின்ற இயந்திரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ சுடும் ஆட்டம். 1980இல் வந்த ‘பேக்மேன்’ சந்து பொந்துகளில் ஓடும் ஆட்டம். மக்கள் விரும்பியவை பெரும்பாலும் இவ்விரண்டு வகைகளுக்குள் அடங்கின. ஏறுவதும் குதிப்பதுமே ஓர் ஆட்டமாகி, அதற்கு ஒரு கதையும் இருப்பது பலருக்கு விசித்திரமாகப் பட்டது.

அந்த விசித்திரத்தை முதலில் எடைபோட்டவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், வியாபாரிகள். நின்டென்டோவின் அமெரிக்கக் கிளை அப்போது பெரும் இக்கட்டில் இருந்தது. ‘ரேடார் ஸ்கோப்’ என்ற சுடும் ஆட்டத்தில் சுமார் மூவாயிரம் இயந்திரங்களை வரவழைத்து, ஆயிரத்தைத்தான் விற்றிருந்தது. மீதி இரண்டாயிரமும் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. அவற்றுக்குள் வைக்க வேறோர் ஆட்டம் தேவை என்று கிளையின் தலைவர் மினோரு அரகாவா ஜப்பானுக்கு எழுதினார். அந்த வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. அவர் 1952இல் பிறந்தவர். தொழில் வடிவமைப்புப் படித்துவிட்டு 1977இல் நிறுவனத்தில் சேர்ந்த ஓவியர். முதலில் பாப்பாய் என்ற கேலிச்சித்திர மாலுமியை வைத்துத்தான் ஆட்டம் செய்ய எண்ணினார்கள். அதற்கு உரிமை கிடைக்காததால் குரங்கும் தச்சரும் பிறந்தார்கள். உரிமை கிடைத்திருந்தால் மாரியோ என்றொருவர் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம்!

மாதிரி ஆட்டம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. விற்பனை அதிகாரிகள் பார்த்தார்கள். அவர்களுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. சுடவும் இல்லை, சந்தும் இல்லை, இதை யார் ஆடுவார்கள் என்பது அவர்கள் கருத்து. பெயரோ அதைவிட மோசம். ஆங்கிலத்தில் ‘டாங்கி’ என்றால் கழுதை. படத்திலோ கழுதை எங்குமே இல்லை. பிடிவாதமும் அசட்டுத்தனமும் கொண்டது என்ற பொருள் தொனிக்க மியாமோட்டோ அச்சொல்லைத் தேர்ந்திருந்தார். அந்த நயம் அங்கே எடுபடவில்லை.

இருந்தாலும் சியாட்டில் நகர்ப் பகுதியில் இரண்டு மதுக்கடைகளில் ஒவ்வோர் இயந்திரத்தைச் சோதனையாக வைத்தார்கள். (மதுக்கடையா என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம், அங்கு அத்தகைய இயந்திரங்கள் நிற்பது அந்நாளில் வழக்கம்.) ஒரு தடவை ஆட 25 சென்ட். இயந்திரம் நாளொன்றுக்கு 30 டாலர் வசூலித்தது. அதாவது ஒரே நாளில் 120 ஆட்டங்கள்! வசூல் அவ்வாறே தொடர்ந்ததும் அதிகாரிகளின் வாய் அடைத்தது. பிறகு அரகாவா, அவருடைய மனைவி யோகோ, இன்னும் சிலர் சேர்ந்து, கிடங்கிலிருந்த இரண்டாயிரம் பெட்டிகளையும் தம் கைகளாலேயே பிரித்து மாற்றியமைத்தார்கள். 1982 ஜூனுக்குள் சுமார் 60,000 இயந்திரங்கள் விற்றுவிட்டன. நாணயம் போட்டவர்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. ஆயினும் அவர்களையே முதல் விமர்சகர்கள் என்று நாங்கள் கருதுகிறோம்.

எழுதும் விமர்சகர்கள் பிறகே வந்தார்கள். அமெரிக்காவில் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ இதழ் தொடங்கியது 1981இன் கடைசியில்தான். அதைத் தொடங்கிய மூவரில் ஜாய்ஸ் வொர்லி ஒரு பெண்மணி என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தின் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இதழும் அதே ஆண்டு நவம்பரில் பிறந்தது. புதிய ஆட்டத்தை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதே அன்றைய எழுத்தாளர்களுக்குச் சிக்கலாக இருந்தது. இன்று நாம் ‘பிளாட்பார்ம்’ ஆட்டம் என்று சொல்வதை அவர்கள் ‘ஏறும் ஆட்டம்’ என்றே குறித்தார்கள். 1983 ஜனவரியில் அந்த அமெரிக்க இதழ் அறிவித்த விருதுகளில், ஒருவர் தனியே ஆடும் ஆட்டங்களுள் சிறந்தது என்ற பரிசு ‘டாங்கி காங்’கிற்கே கிடைத்தது.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் வடிவங்கள் 1982இல் வந்தபோது விமர்சகர்களின் அளவுகோல் ஒன்றே: கடையில் பார்த்தது போல இருக்கிறதா? கோலிகோவிஷன் கருவியுடன் வந்த வடிவத்தில் நான்கில் ஒரு காட்சி இல்லை. ஆயினும் படம் ஏறத்தாழ அசலைப் போலிருந்ததால் பாராட்டுக் குவிந்தது. அட்டாரி கருவிக்கு வந்ததோ நன்றாகத் திட்டு வாங்கியது. அதில் இரண்டே காட்சிகள். குரங்கைப் பார்த்தால் குரங்கு என்று சொல்ல மனம் வராது. ஆனால் அது முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு பக்க அளவுக்குள் கட்டிடம், பீப்பாய், குரங்கு, ஓசை எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்றால் எப்படி? அந்த விமர்சனங்கள் சற்றே கொடுமையானவை என்பது எங்கள் எண்ணம்.

எல்லோரும் கைதட்டவில்லை. 1982 நவம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், பிட்ஸ்பர்க் நகரில் பேசியபோது, வீடியோ விளையாட்டுகளில் ஆக்கபூர்வமானது ஏதுமில்லை, பிள்ளைகள் உடலாலும் உள்ளத்தாலும் அவற்றுக்கு அடிமையாகிறார்கள் என்ற பொருளில் கண்டித்தார். மறுநாளே, அது தம் சொந்தக் கருத்து என்றும் விஞ்ஞான ஆதாரத்தின் மேல் சொன்னதல்ல என்றும் விளக்கினார். ஆதாரம் இல்லாவிட்டாலும், பரீட்சை நேரத்தில் கைபேசியைப் பிடுங்கி வைக்கும் எங்கள் அம்மாக்கள் அவர் கட்சியில்தான் சேருவார்கள்.

இன்னொரு மதிப்புரை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ‘கிங் காங்’ படத்தைத் திருடிவிட்டார்கள் என்று யூனிவர்சல் நிறுவனம் 1982இல் வழக்குத் தொடுத்தது. 1983இல் நீதிமன்றம் நின்டென்டோ பக்கம் தீர்ப்பளித்தது. 1984இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஒரு குரங்கு, சிறைப்பட்ட பெண், மீட்க வரும் ஆண், ஒரு கட்டிடம் என்பவை தவிர இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுமில்லை என்றும், ஆட்டம் வேடிக்கையானது, குழந்தைத்தன்மை உடையது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். அந்த ஆட்டத்தின் சுவை என்ன என்று நிதானமாக நோக்கி எழுதியவர்கள் அவர்களே என்று தோன்றுகிறது.

மேலே நின்று உதவி கேட்டுக் கத்துவதைத் தவிர வேறு வேலையே இல்லாத அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் அன்று பெரிய பேச்சு எழவில்லை. முதலில் அவளுக்குப் பெயர் கூடக் கிடையாது, ‘சீமாட்டி’ என்பதோடு சரி. பாலின் என்ற பெயர் பிறகு வந்தது. 2013இல் அமெரிக்காவில் ஒரு சிறுமி, நான் பாலினாக ஆடி மாரியோவைக் காப்பாற்றக் கூடாதா என்று தந்தையிடம் கேட்டாள். ஆட்டங்கள் செய்வதையே தொழிலாகக் கொண்ட அவர், இரவோடு இரவாக ஆட்டத்தைத் திருத்தி, பாலின் ஏற, மாரியோ மேலே நின்று கத்துமாறு செய்துகொடுத்தார். 2017இல், நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரிலுள்ள வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் ‘டாங்கி காங்’ இடம்பெற்றது. அதே ஆண்டில் நின்டென்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ ஒடிஸி’யில் பாலின் ஒரு மாநகரத்தின் மேயராக வருகிறாள்.